கன்றைக் காக்கும் உப்புநீர்

உழவர் வீட்டுத் தொழுவத்தில் ஒரு கன்று பிறக்கும்போது அந்தக் குடும்பத்தின் நாளைய வாழ்வுக்கும் ஒரு பிடிப்பு உண்டாகிறது. இன்று பிறக்கும் கிடாரிக் கன்று மூன்று ஆண்டு அளவில் தானும் ஒரு கன்றை ஈன்று பால் தரும் பசுவாகிவிடும். வீட்டுச் செலவும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் அந்தப் பசுவின் மடியை நம்பி நிற்பதுண்டு. ஆனால் பிறந்த கன்றுகள் எல்லாம் பசுக்களாக வளர்ந்துவிடுவதில்லை. பிறந்த முதல் நான்கு வாரங்கள் கன்றின் வாழ்வில் இடர் மிகுந்தவை. அந்த நாட்களில் கன்றுகளைக் கொண்டுபோகும் நோய்களுள் முதன்மையானது கழிச்சல்.

கழிச்சல் கண்ட கன்று எதனால் இறக்கிறது? 'கிருமியால் இறக்கிறது' என்று நாம் உடனே விடை சொல்லிவிடுவோம். அந்த விடை பாதிதான் உண்மை. கழிச்சலை உண்டாக்குவது கிருமி. ஆனால் பெரும்பாலான கன்றுகளின் உயிரைப் பறிப்பது அந்தக் கழிச்சலின் வழியே உடலைவிட்டு வெளியேறிவிட்ட நீரும் உப்பும் ஆகும். எவ்வளவு வெளியேறியது என்று கணக்கிட்டு, அதனைக் காலம் தாழ்த்தாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால், கிருமி இன்னும் குடலில் இருக்கும்போதே கன்று எழுந்து நிற்பதைக் காணலாம். இதனைத் தெளிவாக விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் கன்றின் உடலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். பிறந்த கன்றின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். 25 கிலோகிராம் எடையுள்ள ஒரு கன்றை எடுத்துக்கொண்டால், அதன் உடலில் 18 அல்லது 19 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் ஒரு பகுதி உயிரணுக்களின் உள்ளே இருக்கிறது. மற்றொரு பகுதி உயிரணுக்களுக்கு வெளியே, அவற்றைச் சூழ்ந்து நிற்கிறது. அதன் ஒரு கூறே இரத்தக் குழாய்களில் ஓடுகிறது. உள்ளே உள்ள நீரில் பொட்டாசியம் மிகுதி. வெளியே உள்ள நீரில் சோடியம் மிகுதி. வளர்ந்த மாட்டை நோக்கக் கன்றின் உடலில் இந்த வெளிநீரின் பங்கு பெரிது. கழிச்சலின்போது முதலில் இழக்கப்படுவதும் இந்த வெளிநீர்தான். ஆகவே, வளர்ந்த மாடு தாங்கிக்கொள்ளும் கழிச்சலைக் கன்று தாங்குவதில்லை.

அடுத்து, குடலின் தொழிலைப் பார்ப்போம். குடல் என்றால் குடித்த பாலை உறிஞ்சும் ஒரு குழாய் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. நாள்தோறும் குடல் தன்னுள் பெருமளவு நீரைச் சுரக்கிறது. செரிமானம் முடிந்ததும் அந்த நீரில் பெரும்பகுதியை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. கொடுக்கலும் வாங்கலும் ஒத்திருக்கும் வரையில் சாணம் கெட்டியாக இருக்கும். கொடுப்பது மிகுந்தாலும், வாங்குவது குறைந்தாலும், மிஞ்சிய நீர் வெளியேறும். அதுவே கழிச்சல்.

இந்தக் கணக்கைக் கெடுக்கும் கிருமிகள் கன்றின் வயதிற்கேற்ப மாறும். பிறந்த முதல் நான்கு நாட்களில் பெரும்பாலும் குற்றவாளியாக இருப்பது ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் ஒரு வகை. அது குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சுப் பொருளைச் சுரக்கிறது. அந்த நச்சு குடலின் உயிரணுக்களை அழிப்பதில்லை. அவை நீரைச் சுரக்கும் வழியை மட்டும் திறந்து விட்டுவிடுகிறது. ஐந்தாம் நாள் முதல் இரண்டு வாரம் வரையில் ரோட்டா வைரசும் கொரோனா வைரசும் தாக்குகின்றன. இங்கே சொல்லப்படும் கொரோனா வைரசு மாடுகளுக்குரியது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் மனிதரிடையே பரவிய நோயின் வைரசு அதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் வேறானது. முதல் மூன்று வாரங்களுக்குள் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒற்றையணு ஒட்டுண்ணியும் கழிச்சலை உண்டாக்கும். வைரசுகளும் இந்த ஒட்டுண்ணியும் செய்யும் தீங்கு வேறு வகையானது. குடலின் உட்சுவரில் கம்பளத்தின் இழைகள்போல் நெருங்கி நிற்கும் குடலுறிஞ்சிகளை அவை சிதைத்துவிடுகின்றன. உறிஞ்சும் பரப்பே குறைந்துவிடுவதால், குடித்த பாலும் சுரந்த நீரும் அப்படியே வெளியேறுகின்றன.

கிருமி எதுவாயினும் விளைவு ஒன்றே. கடுமையான கழிச்சலில் ஒரே நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு நீர் வெளியேறிவிடக் கூடும். நாம் எடுத்துக்கொண்ட 25 கிலோகிராம் கன்றுக்கு அது இரண்டரை லிட்டர். இரத்தத்தில் நீர் குறைந்தால் இரத்தம் தடிக்கும், ஓட்டம் தளரும். உடல் தன் கையிருப்பை மூளைக்கும் இதயத்திற்கும் ஒதுக்கிக்கொண்டு, தோலுக்கும் கால்களுக்கும் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் நோயுற்ற கன்றின் காதும் காலும் தொட்டால் சில்லென்றிருக்கின்றன.

நீர் மட்டும் போயிருந்தால் பச்சைத் தண்ணீரைக் கொடுத்தே ஈடு செய்துவிடலாம். நீரோடு வேறு பொருள்களும் போய்விடுகின்றன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. சோடியம் போகிறது, பொட்டாசியம் போகிறது, பைகார்பனேட்டு என்னும் காரப் பொருளும் போகிறது. இரத்தம் எப்போதும் சிறிது காரத்தன்மையோடு இருக்க வேண்டும். பைகார்பனேட்டு குறையக் குறைய இரத்தம் அமிலப் பக்கமாகச் சாய்கிறது. இன்னொரு புறம், செரிக்காமல் குடலில் தங்கிய பாற்சர்க்கரையைப் பாக்டீரியாக்கள் புளிக்கச் செய்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலத்தின் ஒரு வகை இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்குகிறது. கழிச்சல் கண்ட கன்று தள்ளாடுவதும், தலை தொங்கி நிற்பதும், பால் சப்ப மறுப்பதும் பெரும்பாலும் இந்த அமில மிகுதியால் நேர்வன. ஒரு வாரத்திற்கு மேற்பட்ட கன்றுகளில் இந்த நிலை மிகுதியாகக் காணப்படுகிறது. கண் அவ்வளவாகக் குழிவிழாமல் இருக்கும். ஆயினும் கன்று எழ மாட்டாமல் கிடக்கும். அங்கே நீரைவிட அமிலமே பெரும் பகை என்று உணர வேண்டும்.

பொட்டாசியத்தின் நிலை இன்னும் விந்தையானது. உடல் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் பொட்டாசியம் குறைந்திருக்கும். ஆனால் நீர் வற்றி, அமிலம் மிகுந்த நிலையில் அது உயிரணுக்களுக்குள்ளிருந்து வெளியேறி இரத்தத்தில் மிகுந்துவிடும். அவ்வாறு மிகுந்த பொட்டாசியம் இதயத் துடிப்பைத் தளரச் செய்து, சில வேளைகளில் நிறுத்தியும் விடும். நேற்றுவரை துள்ளிய கன்று திடீரென்று மாண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இழந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் மருத்துவ உலகிற்கு முதலில் தோன்றியது கன்றுகளைக் கண்டன்று. வாந்திபேதியில் மாண்ட மனிதர்களைக் கண்டுதான். 1831ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அந்த நோய் பரவியபோது, வில்லியம் ஓஷானசி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து, அதில் நீரும் உப்பும் பெரிதும் குறைந்துவிட்டன என்று கண்டார். அவருக்கு அப்போது வயது 22. பிற்காலத்தில் இந்தியாவிற்கு வந்து, இந்நாட்டில் தந்திக் கம்பிகளை அமைத்தவரும் இவரே. அடுத்த ஆண்டில், ஸ்காட்லாந்து நாட்டின் லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் அந்த ஆராய்ச்சியைச் செயலாக்கினார். சாகுந் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் இரத்தக் குழாயில் உப்புநீரைச் செலுத்தினார். மூன்று லிட்டருக்கும் மேலாக நீர் உட்சென்றதும் குழிவிழுந்த கண்கள் ஒளி பெற்றன. நின்றுபோன நாடி மீண்டது. அரை மணி நேரத்தில் அவர் தெளிவாகப் பேசினார். ஆனால் பேதி மீண்டும் தொடங்கியது. இழப்பை ஈடு செய்ய மீண்டும் நீர் செலுத்தப்படவில்லை. சில மணி நேரத்தில் அவர் இறந்தார்.

இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. உப்புநீர் உயிரை மீட்கும் என்பது ஒன்று. ஒருமுறை கொடுத்ததோடு நின்றுவிடக் கூடாது; இழப்பு தொடரும் வரையில் ஈடும் தொடர வேண்டும் என்பது மற்றொன்று. கன்றுகளுக்கு மருத்துவம் செய்வோர் இந்த இரண்டாம் பாடத்தை என்றும் மறத்தலாகாது.

இரத்தக் குழாயில் நீர் செலுத்துவதற்கு மருத்துவரும் கருவியும் வேண்டும். வாய்வழியே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். வெறும் உப்புநீரை வாய்வழியே கொடுத்தபோது நோயுற்ற குடல் அதனை நன்கு உறிஞ்சவில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தது 1960ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் பிராக் நகரில் வெளியிட்ட கருத்து. குடலின் சுவரில் ஒரு சிறப்பு வாயில் உண்டு. அதில் சோடியமும் குளுகோசும் சேர்ந்தே நுழைகின்றன. அவற்றின் பின்னே நீரும் நுழைகிறது என்று அவர் விளக்கினார். கிருமியின் நச்சு நீர் சுரக்கும் வழியைத் திறந்துவிட்டபோதிலும் இந்த வாயிலை அடைப்பதில்லை. ஆகவே, உப்பையும் குளுகோசையும் தக்க அளவில் சேர்த்துக் கொடுத்தால் நோயுற்ற குடலும் நீரை ஏற்றுக்கொள்ளும். 1971ஆம் ஆண்டில், வங்காள தேசப் போரின்போது, எல்லையை அடுத்த பங்கான் என்னும் ஊரின் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனோபிஸ் இந்த முறையைக் கையாண்டார். ஒரு லிட்டர் நீரில் 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் பைகார்பனேட்டு என்பது அவருடைய கலவை. அதுவரையில் நூற்றுக்கு முப்பது பேர் வரையில் மாண்டுகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழாகக் குறைந்தது.

குழந்தையின் குடலில் உள்ள அதே வாயில் கன்றின் குடலிலும் உண்டு. ஆகவே 1970க்குப் பிந்திய ஆண்டுகளில் கன்றுகளுக்கென்றே இத்தகைய கலவைகள் செய்யப்பட்டன. கன்றுக்குரிய கலவையில் சோடியம் மனிதருக்குரியதைவிடச் சற்று மிகுதி. அமிலத்தை மாற்றுவதற்காக அசிட்டேட்டு, பைகார்பனேட்டு போன்ற காரப் பொருளும் மிகுதி. பொட்டாசியமும் சிறிது சேர்க்கப்படும். பொட்டலத்தின் மேல் எழுதியுள்ள அளவு நீரில்தான் அதனைக் கரைக்க வேண்டும். நீர் குறைந்து உப்பு மிகுந்தால், அதுவும் கன்றுக்குத் தீங்காகும்.

இனி, எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று கண்டறியும் முறையைப் பார்ப்போம். இதற்குக் கருவி எதுவும் வேண்டா. கண்ணும் கையும் போதும்.

முதலில் கன்றின் கண்ணைப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள கன்றின் விழி இமையோடு ஒட்டியிருக்கும். நீர் வற்றும்போது விழி உள்வாங்கி, விழிக்கும் இமைக்கும் இடையில் பள்ளம் தோன்றும். அந்தப் பள்ளம் அரை சென்டிமீட்டர் அளவாயின், உடல் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவு நீர் போயிற்று என்று மதிப்பிடலாம். அடுத்து, கழுத்தின் பக்கத்துத் தோலை இரண்டு விரலால் பற்றித் தூக்கி விடுங்கள். உடனே படிந்துவிட்டால் இழப்பு குறைவு. இரண்டு முதல் நான்கு நொடி மடிப்பு நின்றால் இழப்பு நூற்றுக்கு ஆறு முதல் எட்டு. ஐந்து நொடிக்கும் மேல் நின்றால் அதற்கும் மிகுதி. நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் குறைவான இழப்பு கண்ணுக்கும் கைக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை. பன்னிரண்டைத் தாண்டினால் கன்று உணர்வற்றுக் கிடக்கும், உயிர் ஊசலாடும்.

பிறகு, தூய்மையான விரலைக் கன்றின் வாயில் வைத்துப் பாருங்கள். வலுவாகச் சப்பினால் நல்லது. சோர்வாகச் சப்பினால் அமிலம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று கருதலாம். சப்பாமலே இருந்து, வாயின் உட்புறமும் குளிர்ந்திருந்தால், நிலை முற்றிவிட்டது. கன்று தானே எழுந்து நிற்கிறதா, தூக்கி நிறுத்தினால் நிற்கிறதா, நிற்கவே மாட்டாமல் கிடக்கிறதா என்பதும் ஒரு நல்ல அளவுகோல்.

இந்த மதிப்பீட்டிலிருந்து கணக்கு பிறக்கிறது. மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். 25 கிலோகிராம் கன்றுக்கு நூற்றுக்கு எட்டுப் பங்கு இழப்பு என்றால், போன நீர் இரண்டு லிட்டர். இது முதற்கூறு. கழிச்சல் இல்லாவிட்டாலும் மூச்சிலும் சிறுநீரிலும் நாள்தோறும் செலவாகும் நீர் ஒன்று உண்டு. அது கிலோகிராம் ஒன்றுக்கு 50 மில்லிலிட்டருக்குக் குறையாது. 25 கிலோகிராமுக்கு அது ஒன்றேகால் லிட்டர். இது இரண்டாம் கூறு. கழிச்சல் இன்னும் நிற்கவில்லை யாதலால் இனிமேல் போகப்போகும் நீரையும் கணக்கிட வேண்டும். அதனை ஒரு லிட்டர் என்று கொள்வோம். மூன்றையும் கூட்டினால் நாலேகால் லிட்டர் ஆகிறது. ஒரு நாளில் அந்தச் சிறு கன்றின் உடலுக்குள் அவ்வளவு நீர் செல்ல வேண்டும். 'காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை கொடுத்தோம்; பயனில்லை' என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் பார்த்தால் பயனில்லாமற்போன காரணம் விளங்கும்.

கன்று நிற்கிறது, சப்புகிறது என்றால் வாய்வழி முறையே போதும். கரைத்த நீரை உடல் வெப்பத்திற்கு இளஞ்சூடாக்கி, காம்பு பொருத்திய புட்டியில் இட்டு, கன்று தானே சப்பிக் குடிக்குமாறு கொடுக்க வேண்டும். சப்பிக் குடிக்கும்போது உணவுக் குழாயின் இறுதியில் ஒரு வரம்பு மூடிக்கொண்டு, நீரை நான்காம் இரைப்பைக்கு நேரே கொண்டு செல்லும். தலையைத் தூக்கிப் பிடித்து, மூங்கிற் குழாயாலோ புட்டியாலோ தொண்டையில் ஊற்றுவது பெருந்தவறு. சோர்ந்த கன்றால் விழுங்க இயலாது. நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரையில், ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை என்று பிரித்துக் கொடுப்பது நல்லது.

இங்கே ஒரு பழைய வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கழிச்சல் கண்டவுடனே பாலை நிறுத்திவிடுவது பலருடைய பழக்கம். குடலுக்கு ஓய்வு கொடுப்பதாக அவர்கள் கருதுகிறார்கள். முற்காலத்து மருத்துவ நூல்களிலும் அப்படி எழுதியிருந்தது உண்டு. இன்றைய அறிவு அதனை மறுக்கிறது. உப்புநீர்க் கலவையில் உள்ள குளுகோஸ், கன்றுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைக்கூடச் சரிவரத் தராது. இரண்டு மூன்று நாள் பாலை நிறுத்தினால், நீர் வற்றலிலிருந்து பிழைத்த கன்று பசியால் மெலிந்து சாகும். சிதைந்த குடலுறிஞ்சிகள் மீண்டும் வளர்வதற்கும் பாலின் சத்துத்தான் வேண்டும். ஆகவே, பாலைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுத்துக்கொண்டே, இடையிடையே உப்புநீரைக் கொடுக்க வேண்டும். பைகார்பனேட்டு மிகுந்த கலவையாயின், அது பால் இரைப்பையில் திரைவதைத் தடுக்கக்கூடும்; எனவே பாலுக்கும் அதற்கும் இடையே இரண்டு மணி நேரமேனும் இடைவெளி விடுவது நன்று.

கன்று சப்பவில்லை, எழ மாட்டாமல் கிடக்கிறது, கண் ஆழக் குழிவிழுந்திருக்கிறது என்றால், இனி வீட்டில் வைத்துக் காலம் கழிக்கலாகாது. அந்த நிலையில் குடல் நீரை ஏற்கும் ஆற்றலை இழந்திருக்கும். கால்நடை மருத்துவர் வந்து கழுத்துச் சிரையின் வழியே நீர் ஏற்ற வேண்டும். முதல் லிட்டரை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செலுத்தி, நாடியையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே மேலும் செலுத்துவார். அமிலத்தை மாற்றுவதற்குச் சோடியம் பைகார்பனேட்டு சேர்ப்பார். நம் சமையலறையில் ஆப்பச் சோடா எனப்படும் பொருள்தான் அது. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. கன்றின் எடையையும், ஒரு லிட்டர் இரத்தத்தில் குறைந்துள்ள காரத்தின் அளவையும், உடல்நீரில் அது பரவும் பங்கான 0.6 என்னும் எண்ணையும் பெருக்க வேண்டும். 25 கிலோகிராம் கன்றுக்குக் குறைவு 15 மில்லிமோல் என்றால், பெருக்கி வருவது 225 மில்லிமோல். நிறையில் சொன்னால் ஏறத்தாழ 19 கிராம். அந்தச் சிறு அளவுதான் கிடக்கும் கன்றுக்கும் நிற்கும் கன்றுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் சமையற் சோடாவை எவரும் தாமே கரைத்து ஊசியில் ஏற்ற முற்படலாகாது. கிருமி நீக்கிய மருந்தும், பழகிய கையும் அதற்கு வேண்டும்.

பைகார்பனேட்டு ஏறி அமிலம் தணிந்ததும், இரத்தத்தில் மிகுந்திருந்த பொட்டாசியம் மீண்டும் உயிரணுக்களுக்குள் செல்லும். தளர்ந்த இதயம் சீர்படும். மெலிந்த கன்றின் இரத்தத்தில் சர்க்கரையும் குறைந்திருக்குமாதலால் குளுகோசும் சேர்க்கப்படும். கன்றைக் கோணியால் போர்த்தி, உலர்ந்த வைக்கோலின்மேல் கிடத்திச் சூடு காக்க வேண்டும். எழுந்து சப்பத் தொடங்கியதும் பாலும் வாய்வழி உப்புநீரும் தொடர வேண்டும். லீத் துறைமுகத்து மூதாட்டிக்கு நேர்ந்தது நம் கன்றுக்கு நேரலாகாது.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் எதற்கும் பயன்படாவா என்று கேட்கலாம். காய்ச்சல் மிகுந்தாலும், சாணத்தில் இரத்தம் கண்டாலும், கன்று மிகவும் சோர்ந்தாலும் மருத்துவர் அவற்றைக் கொடுப்பார். அப்போது அவை இன்றியமையாதவை. ஆனால் வைரசும் ஒட்டுண்ணியும் உண்டாக்கிய கழிச்சலை அவை நிறுத்த மாட்டா. நீரைக் கொடுக்காமல் மருந்தை மட்டும் கொடுப்பது, கரையுடைந்த ஏரியில் மீனைப் பற்றிக் கவலைப்படுவது போன்றது.

நோய் வந்தபின் காப்பதைவிட வாராமற் காப்பது சிறந்தது. மனிதக் குழந்தை தாயின் கருவில் இருக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து நோயெதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுக்கொள்கிறது. பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. கன்று அந்தக் காப்பு இல்லாமலே பிறக்கிறது. பிறந்தபின் சீம்பாலின் வழியேதான் அதனைப் பெற வேண்டும். கன்றின் குடல் அந்த எதிர்ப்புப் பொருள்களைச் சிதைக்காமல் முழுமையாக ஏற்றுக்கொள்வது பிறந்த சில மணி நேரம்தான். நேரம் செல்லச் செல்ல அந்த ஆற்றல் குறைந்து, ஒரு நாளில் அறவே நின்றுவிடும். நஞ்சுக்கொடி விழுந்த பின்புதான் கன்றை ஊட்டவிட வேண்டும் என்று காத்திருக்கும் வழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. அந்தக் காத்திருப்பில் விலைமதிக்க முடியாத மணி நேரங்கள் வீணாகின்றன. கன்று பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் முதற் சீம்பால் அதன் வயிற்றை அடைய வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு சீம்பால் அதற்குரியது. வீட்டாருக்குத் திரட்டுப் பால் காய்ச்ச எஞ்சியது போதும்.

தொழுவத்தைக் கூட்டி உலர்த்தி வைத்தலும், பால் கொடுக்கும் கலங்களைக் கழுவி வெயிலில் காயவைத்தலும், அறுத்த தொப்புள் கொடிக்கு அயோடின் தடவுதலும், நோயுற்ற கன்றை மற்றவற்றிடமிருந்து பிரித்துக் கட்டுதலும் தவறாமல் செய்ய வேண்டியவை. கிரிப்டோஸ்போரிடியமும், கன்றுகளைத் தாக்கும் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியாவும் மனிதரையும் பற்றும். நோயுற்ற கன்றைக் கவனித்தபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவைத் தொடக் கூடாது. சிறு பிள்ளைகளை அந்தக் கன்றோடு விளையாட விடவும் கூடாது.

மாணவர்களுக்கு இறுதியாக ஒன்று சொல்வேன். உங்களில் சிலர் கால்நடை மருத்துவம் பயிலச் செல்லலாம். பலர் வேறு துறைகளுக்குச் செல்வீர்கள். ஆனால் உங்களில் பலருடைய வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ ஒரு பசு இருக்கும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது தொழுவத்தில் ஒரு கன்று வாலும் பின்னங்கால்களும் நனைந்து, தலை தொங்கி நிற்பதைக் கண்டால், முதலில் அதன் கண்ணைப் பாருங்கள். கழுத்துத் தோலைத் தூக்கி விட்டு நொடிகளை எண்ணுங்கள். வாயில் விரலை வைத்துப் பாருங்கள். கண்டதை வீட்டுப் பெரியவர்களிடமும் மருத்துவரிடமும் எண்ணோடு சொல்லுங்கள். 'கன்றுக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்வதைவிட, 'தோல் மடிப்பு ஆறு நொடி நிற்கிறது. காலையிலிருந்து சப்பவில்லை' என்று சொல்வது மருத்துவருக்கு எவ்வளவோ உதவும். கழிச்சல் தொடங்கிய முதல் நாளிலேயே உப்புநீரைக் கொடுக்கத் தொடங்கினால், மருத்துவர் சிரையில் நீர் ஏற்ற வேண்டிய நிலையே பெரும்பாலும் வாராது. பள்ளியில் கற்கும் வேதியியலும் கணக்கும் தொழுவத்தில் ஓர் உயிரைக் காக்கும் என்றால், அதைவிடச் சிறந்த பயன் கல்விக்கு வேறு என்ன உண்டு?